கஞ்சாவும் நாம் கேட்க மறந்த கேள்வியும்

மண்முனைப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் எனக்கு ஒரு தாயின் முகம் ஞாபகத்துக்கு வரும். 2014 இல் அந்தப் பாலம் திறக்கப்படும்வரை எழுவான்கரையிலிருந்து கொக்கட்டிச்சோலைக்குப் போகிறவர்கள் 'பாதை'யில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். நான் உளவளத்துணையாளராக அந்தப் பக்கம் வேலைக்குப் போகத் தொடங்கியது பாலம் வந்த பிறகு. ஆரையம்பதி கழிந்து பாலத்தில் ஏறினால் சில நிமிடங்கள்தான், மறுகரை வந்துவிடும். ஆனால் அந்தச் சில நிமிடத் தூரத்தைப் பற்றி இரு கரையாரும் வைத்திருக்கும் எண்ணங்கள் இன்னும் கடக்கப்படவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தத் தாய் தனது பத்தொன்பது வயது மகனோடு வந்திருந்தார். (அவர்கள் யாரென்று தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) "மிஸ், இவன் ராவையில நித்திர கொள்றான் இல்ல. சாப்பாடும் இல்ல. ஒருக்கா பேசிப் பாருங்க" என்றார். பையனின் கண்கள் சிவந்திருந்தன. விரல் நுனிகளில் மஞ்சள் கறை. எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நான் கேட்ட முதற் கேள்வி, "கஞ்சா பாவிக்கிறீங்களா?" என்பதுதான். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதன்பிறகு இருபது நிமிடங்கள் நான் மட்டுமே பேசினேன். சட்டம், சிறை, தாயின் கண்ணீர், எதிர்காலம் எல்லாம் சொன்னேன். அடுத்த திகதியையும் எழுதிக் கொடுத்தேன். "சரி மிஸ்" என்று போனான். திரும்பி வரவில்லை.

பதினொரு மாதங்களின் பின்னர் உறவினர் மூவர் அவனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். யாரோ தன்னைக் கொல்ல வருவதாகக் கத்திக்கொண்டிருந்தான். வைத்தியசாலையில் மருந்து கொடுத்து, ஒன்றரை மாதம் கழிந்து, தெளிவாகப் பேசும் நிலைக்கு வந்த பிறகு அவன் சொன்னதை நான் மறக்க மாட்டேன்: "மிஸ், அண்டைக்கு நீங்க கஞ்சா அடிக்கிறயா எண்டு மட்டும்தான் கேட்டீங்க. ஏன் நித்திர வாறல்ல எண்டு கேக்கல்ல."

அவனுக்கு நித்திரை வராமல் போனதற்குக் காரணம், இரவில் காதுக்குள் கேட்ட குரல்கள். அவற்றை அடக்கவே அதிகமாகப் புகைத்தானாம். புகைக்கப் புகைக்கக் குரல்கள் கூடினவாம். முதல்நாளே அதைக் கேட்டிருந்தால் பதினொரு மாதங்கள் வீணாகியிராது. தவறு என்னுடையது.

இதை ஏன் நமது கல்லூரிச் சஞ்சிகையில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். பெண் கல்வி பற்றி எழுதித் தரும்படிதான் ஆசிரியை கேட்டிருந்தார். இதுவும் பெண் கல்விதான் என்றேன். இந்தப் பக்கத்தை வாசிக்கும் மாணவிகளில் சிலர் நாளை தாதியராவீர்கள், வைத்தியராவீர்கள், ஆசிரியைகளாவீர்கள், என்னைப்போல் ஒரு மேசைக்குப் பின்னால் அமர்வீர்கள். மற்றவர்கள் எல்லோரும் யாரோ ஒருவனுக்குத் தங்கையாகவோ ராத்தாவாகவோ தாயாகவோ இருக்கப் போகிறீர்கள். என்னுடைய கருத்து ஒன்றுதான். கஞ்சாவைப் பற்றித் திட்டத் தெரிந்தவர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். விசாரிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

திட்டுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. போதை தரும் எதுவும் நமது மார்க்கத்தில் ஹராம். "குர்ஆனில் மதுதானே சொல்லப்பட்டிருக்கு, இது மூலிகைதானே" என்று வாதாடும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அந்த வாதம் புதியதல்ல. 14 ஆம் நூற்றாண்டிலேயே இமாம் இப்னு தைமிய்யா அதற்குப் பதில் எழுதிவிட்டார். அறிவை மயக்குவது இலையாயினும் பானமாயினும் தீர்ப்பு ஒன்றே. கொக்கட்டிச்சோலைப் பையன்கள் இதே வாதத்தை வேறு சொல்லில் சொல்வார்கள். "இது சிவமூலிகை மிஸ்." நாட்டுச் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1929 ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கஞ்சா வைத்திருப்பதே குற்றம். ஆயுர்வேத வைத்தியத்துக்கு மட்டும் தனி வழி இருக்கிறது. அந்த வழியால் வெளியே வரும் மதனமோதகம் கடைகளில் இனிப்புப் பண்டம்போல விற்கப்பட்டுப் பாடசாலைப் பிள்ளைகளின் சட்டைப் பைக்குள் போவது நமக்குத் தெரியாததல்ல.

ஆனால் ஹராம் என்பதும் குற்றம் என்பதும் பையனுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் செய்கிறான். அதற்குப் பிறகு என்ன என்பதுதான் நமது தொழில் தொடங்கும் இடம். அங்கே தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. நான் பிந்திக் கற்றவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, காரணத்தை எழுதும் முன் விசாரிக்க வேண்டும். ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் 1893-94 இல் கஞ்சா பற்றி ஆராய ஒரு பெரிய ஆணைக்குழு அமைத்தார்கள். மனநோய் விடுதிகளின் பதிவேடுகளில் ஏராளமான நோயாளருக்கு நேரே 'காரணம்: கஞ்சா' என்று இருந்ததாம். தோண்டிப் பார்த்தபோது, பலருக்கு அதைச் சரியான விசாரணை எதுவும் இல்லாமல் பொலிஸார் சொன்னபடியே எழுதிவிட்டிருந்தது தெரிய வந்தது. நூற்று முப்பது வருடங்கள் கழித்து நானும் என் கொப்பியில் அதையேதான் எழுதியிருந்தேன்.

எத்தனை வயதில் தொடங்கினாய், வாரத்தில் எத்தனை நாள், தனியாகவா கூட்டாளிகளோடா, எதனுடன் கலந்து, எந்த நேரத்தில், அது உனக்கு என்ன செய்து தருகிறது என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் நோய் ஒளிந்திருக்கும். "நித்திர வரும்", "பயம் போகும்", "வயல் வேலை அலுப்புத் தெரியாது", "அப்பா குடிச்சிட்டு வந்து சத்தம் போட்டா கேக்காது." இரு கரையிலும் இரவுகள் அமைதியாக இருக்கவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. நமக்கு 1990 ஆகஸ்ட் 3 இன் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள். அவர்களுக்கு 1987 ஜனவரியும் 1991 ஜூன் 12 உம். அந்த இரவுகளைக் கண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று நமது முன்னால் அமர்ந்திருப்பவர்கள்.

இரண்டாவது, கஞ்சாவுக்கும் மனநோய்க்கும் உள்ள தொடர்பைக் கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது. பாவிக்கிற எல்லோருக்கும் 'பைத்தியம்' வரும் என்று பயமுறுத்தினால், பாவித்தும் ஒன்றும் ஆகாத நாலு கூட்டாளிகளைப் பையன் காட்டுவான். அத்துடன் நமது பேச்சு முடிந்தது. உண்மை இதுதான். சுவீடனில் இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட 45,000 க்கும் அதிகமான இளைஞர்களைப் பதினைந்து வருடங்கள் அவதானித்து 1987 இல் வெளியிட்ட ஆய்வில், ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பாவித்தவர்களுக்கு ஸ்கிசோஃப்ரினியா வரும் ஆபத்து பாவிக்காதவர்களை விட ஆறு மடங்காக இருந்தது. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 2002 இல் வெளியான ஆய்வில், 15 வயதிலேயே பாவித்திருந்தவர்களுள் பத்துக்கு ஒருவர் 26 வயதில் அத்தகைய நோய்க்குறி காட்டினார்கள். மற்றவர்களில் அது நூற்றுக்கு மூவர். சிறுவயதிலேயே நோயின் சாயல் இருந்தவர்களைக் கணக்கில் எடுத்தபோது வித்தியாசம் குறைந்தது. அப்படியானால், சிலர் நோய் தொடங்கிய பிறகு கஞ்சாவைத் தேடிப் போகிறார்கள் என்பதும் மெய். வாசல் இரண்டு பக்கமும் திறக்கும். என் பையன் இரண்டாவது பக்கத்தால் வந்தவன்.

ஆகவே கேட்க வேண்டியவை: தொடங்கிய வயது, பாவிக்கும் அளவு, குடும்பத்தில் யாருக்கேனும் மனநோய் இருந்ததா என்பது. மூளையின் வளர்ச்சி இருபதுகளின் நடுப்பகுதிவரை தொடர்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளை புகைப்பதும் நாற்பது வயதுக்காரர் புகைப்பதும் ஒன்றல்ல. கஞ்சாவால் வந்ததோ இல்லையோ, குரல் கேட்கும் ஒருவனுக்குச் சிகிச்சை உடனே தேவை. "முதல்ல அதை விட்டுட்டு வா, பிறகு பார்ப்போம்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவது பெரிய அநியாயம்.

மூன்றாவது, சரக்கு மாறிவிட்டது. கஞ்சாவில் போதை தரும் பகுதி டி.எச்.சி. என்பது. அதன் வேகத்தைச் சற்றுத் தணிக்கக்கூடியதாகக் கருதப்படும் இன்னொரு பகுதி சி.பி.டி. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் 1995 இல் ஏறக்குறைய 4 வீதமாக இருந்த டி.எச்.சி. 2014 இல் 12 வீதமாகியது. சி.பி.டி. குறைந்துகொண்டே போனது. நமது நாட்டுக்கும் கேரளக் கஞ்சாவோடு இப்போது 'குஷ்' வருகிறது. 2025 மே மாதத்தில் பாங்கொக்கிலிருந்து கட்டுநாயக்க வந்த பயணப் பொதிகளில் மட்டும் 46 கிலோகிராம் பிடிபட்டது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாக 11 இடங்களில் செய்த ஆய்வு 2019 இல் வெளியானது. கடும் வேகமுள்ள வகையை நாளாந்தம் பாவிப்போருக்கு மனப்பிறழ்வு வரும் சாத்தியம் ஒருபோதும் பாவிக்காதவர்களை விட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்றது அது. "எங்கட மூத்தப்பாவும் அடிச்சவர்தான், தொண்ணூறு வயசு இருந்தார்" என்று சொல்பவரிடம், மூத்தப்பா புகைத்தது இதுவல்ல என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஏற்றுமதிக்குக் கஞ்சா பயிரிடுவது பற்றி 2022 நவம்பரில் வரவு செலவுத் திட்ட உரையில் பேசப்பட்டதிலிருந்து, "அரசாங்கமே நடப்போகுது" என்பதும் பையன்கள் வாயில் வரும் பதிலாகிவிட்டது. மருந்துத் தேவைக்குப் பயிரிடுவதும் பதினாறு வயதில் பீடிக்குள் வைத்துப் புகைப்பதும் வேறு வேறு என்று பொறுமையாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

நான்காவது, கஞ்சாவுக்கும் அடிமையாகலாம். "ஹெரோயின் மாதிரி இல்ல, நினைச்சா விடலாம்" என்பது பாதி உண்மை. ஒருமுறையேனும் பாவித்தவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பேர் அடிமையாகிறார்கள் என்பது பழைய கணக்கு. பதின்ம வயதில் தொடங்கியோரில் அது ஆறுக்கு ஒருவர் எனப்படுகிறது. நாளாந்தம் பாவித்தவன் நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், கோபம், நித்திரையின்மை, பசியின்மை, கெட்ட கனவுகள் தொடங்கும். முதற் கிழமையில் உச்சத்துக்கு வரும். பெரும்பாலும் இரண்டு மூன்று கிழமையில் தணியும். இதை யாரும் தாய்மாருக்குச் சொல்வதில்லை. பையன் நிறுத்திய மூன்றாம் நாள் கோப்பையைத் தூக்கி எறிகிறான். "விட்டவன் இப்படியா நடப்பான்? இவன் திருந்தமாட்டான்" என்று வீடு தீர்ப்பளிக்கிறது. அவன் திரும்பிப் போகிறான். "இந்த இரண்டு கிழமைக்கு வீட்டில் யாரும் குத்திப் பேசாதீர்கள், இரவில் பக்கத்தில் இருங்கள்" என்று முன்கூட்டியே சொன்னால் பல வீடுகள் தாக்குப் பிடிக்கின்றன. இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட தனி மருந்து எதுவும் இன்னும் இல்லை. பேச்சும் பொறுமையும் ஒழுங்கான சந்திப்பும்தான் மருந்து.

ஐந்தாவது, உடம்பையும் பார்க்க வேண்டும். வருடக்கணக்காகப் பாவிப்போரில் சிலருக்கு அடங்காத வாந்தி வரும். சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் சுகமாக இருக்கும். 2004 இல்தான் அவுஸ்திரேலிய வைத்தியர்கள் இதை முதன்முதலில் விபரித்தார்கள். வயிற்றுக்கு மருந்து, ஸ்கான், பிறகு 'செய்வினை' என்று அலையும் வீடுகளில், "மகன், சுடுதண்ணில குளிச்சா நிக்குதா?" என்ற ஒரு கேள்வி பெரும் செலவைத் தவிர்க்கலாம். இன்னுமொன்று, நம்மிடம் கஞ்சா பெரும்பாலும் புகையிலையோடு கலந்தே புகைக்கப்படுகிறது. புகை, குளோசபின், ஒலன்சபின் போன்ற மனநோய் மருந்துகளை உடலிலிருந்து வேகமாகக் கழித்துவிடும். விடுதியில் புகை நின்றதும் அதே அளவு மருந்து இரத்தத்தில் கூடிவிடும். வீட்டுக்குப் போய்ப் புகைத்தால் குறைந்துவிடும். இதை அறியாமல் "மருந்து வேலை செய்யல்ல" என்று சொல்பவர்கள் பலர். சிறுநீர்ப் பரிசோதனையும் அப்படித்தான். நாளாந்தம் பாவித்தவர் நிறுத்தி வாரங்கள் கடந்தும் அது 'இருக்கு' என்றே காட்டலாம். அதை வைத்து ஒரு பிள்ளையைப் பொய்யனாக்கிவிடக் கூடாது.

இனி, முதலில் விட்ட இரு கரைக் கதைக்கு வருகிறேன். நமதூரில் நான் இந்த விடயத்தைப் பேசினால், "அது படுவான்கரைச் சரக்கு புள்ள, எங்கட ஆக்கள் அப்படியில்ல" என்பார்கள். கொக்கட்டிச்சோலையில், "எல்லாம் அந்தப் பக்கத்தால வாறது மிஸ்" என்று சொல்லிவிட்டு, என் பர்தாவைப் பார்த்துச் சற்று வெட்கப்படுவார்கள். இரு பக்கமும் ஒரே கதைதான். மற்றவனுடைய நோய் என்று சொல்லிவிட்டால் நமது வீட்டுக்குள் பார்க்கத் தேவையில்லை. நமதூர்த் தாய்மார் சிலர் ஊருக்குத் தெரியாமல் மகனைக் கூட்டிக்கொண்டு பாலம் கடந்து என்னிடம் வருகிறார்கள். அங்குள்ள சிலர் இந்தப் பக்கம் வருகிறார்கள். வெட்கத்தைச் சுமந்துகொண்டு இரு கரையாரும் ஒரே பாலத்தில் எதிரும் புதிருமாகப் போகிறோம். தேடுதல்கள் கடுமையாகும் நாட்களில் அந்த வருகையும் நின்றுவிடுகிறது. சிகிச்சைக்கு வந்தால் பெயர் பொலிஸுக்குப் போகும் என்ற பயம். நம்மிடம் சொல்லப்படுவது வெளியே போகாது என்பதையும், உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் என்ன செய்வோம் என்பதையும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் நேர்மையாகச் சொல்வது நமது கடமை.

இரு கரையிலும் நான் கேட்கும் இன்னொரு வசனமும் உண்டு. "ஒரு கலியாணத்த முடிச்சி வெச்சா சரியாகிடுவான்." மாணவிகளே, இது உங்களைப் பற்றிய வசனம். உங்கள் உம்மா, வாப்பா வயிற்றைக் கட்டி ஒரு வீட்டைக் கட்டி, அதற்குள் உங்களையும் ஒரு நோயாளியையும் வைத்து, 'இனி இவள் பார்த்துக்கொள்வாள்' என்று கதவைச் சாத்துவதுதான் அதன் அர்த்தம். பெண் மருந்தல்ல. அப்படி மருந்தாக்கப்பட்டு, இருபத்திரண்டு வயதில் கைக்குழந்தையோடு என் முன்னால் அழுதவர்களை நான் அறிவேன். பெற்றோரே, மகனுக்குப் பெண் பார்க்கும்போது மறைக்காதீர்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது சீதனத்தைப் பேசும் நேரத்தில் பாதியையாவது இதை விசாரிக்கச் செலவிடுங்கள். சிகிச்சை பெற்றுத் தெளிந்தவன் குறைந்தவனல்லன். மறைக்கப்பட்டவனால்தான் இரண்டு குடும்பங்கள் அழிகின்றன.

ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை வைத்திருக்கிறான் என்பது நமது நம்பிக்கை. துஆவும் ஓதலும் நம் பலம். அவற்றோடு கிளினிக்கும் இருக்கட்டும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணையாளர் இருக்கிறார்கள். நேரில் வரத் தயங்கினால் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம்.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். மாதம் ஒருமுறை ஊசி போடுகிறான். மாமாவோடு தயிர்ச் சட்டிகள் ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு வருகிறான். முற்றாக விட்டுவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. இரண்டு தடவை மீண்டும் தொடங்கினான். போன மாதம் கிளினிக் நாளில், நான் எதுவும் கேட்கும் முன்பே கதவடியில் நின்று, "மிஸ், இந்தக் கிழம ரெண்டு தரம்" என்றான். பதினொரு மாதம் ஒளிந்திருந்தவன் இப்போது தானாக வந்து சொல்கிறான். நான் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"இரிங்க மகன். என்ன நடந்த?"